மூன்று வருஷம் போன் பண்ணாத உளவாளி

உலகத்திலேயே மகா சோம்பேறியான உளவாளி யார் என்று கேட்டால், தயங்காமல் சொல்வேன். போன வருடம் நாங்கள் தமிழில் குரல் கொடுத்த கொரியத் தொடரின் கதாநாயகன்தான். பியானோ பழுது பார்ப்பவனாக வேஷம் போட்டுக்கொண்டு ஒரு விஞ்ஞானியின் வீட்டுக்கு எதிரே குடிவருகிறான். பதினாறு பகுதிகளில் ஒரு பியானோவையாவது தொட்டானா என்றால் இல்லை. தினமும் அதே காபிக் கடை, அதே ஜன்னல், ஊரே பார்க்கும்படி முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு. ரகசியம் மொத்தமும் விஞ்ஞானியின் மகள் வைத்திருக்கும் கரடி பொம்மைக்குள் இருக்கிறது. நாலாம் பகுதியிலேயே அந்தப் பொம்மை இவன் கைக்கு வருகிறது. தடவிப் பார்க்கிறான், அவள் கண்ணைப் பார்க்கிறான், பொம்மையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறான். கேட்டால் காதலாம்.

இடது தோளில் குண்டு பாய்ந்தால் அவள் கழுத்துத் துணியால் ஒரு கட்டு. அடுத்த பகுதியில் அதே தோளில் அவளைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறான். வில்லனின் கம்ப்யூட்டருக்குக் கடவுச்சொல் கதாநாயகியின் பிறந்த நாள். வில்லனுக்கு அவள் பிறந்த நாள் எப்படித் தெரியும், தெரிந்தாலும் அதை எதற்கு வைக்கிறான் என்று எழுதியவனுக்கே தெரியாது. காதில் பூ சுற்றுவது தெரியும். இவர்கள் பூந்தோட்டத்தையே சுற்றினார்கள்.

நான் ஒலிப்பதிவு செய்கிறவன். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, நடுவில் ஒரு கண்ணாடி, இதுதான் எங்கள் ஸ்டுடியோ. பதிவு நடக்கும்போது ஏசியை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதன் உறுமல் மைக்கில் விழும். ஆகவே பனியில் நடுங்கும் கதாநாயகனுக்குக் குரல் கொடுக்கும் நூறு கிலோ மனிதர், பனியனோடு வேர்வை வழிய நின்று, "உன் கை ஏன் இவ்வளவு குளிருது?" என்று உருகுவார். அவர் உருகியது நிஜம்.

தமிழ் வசனம் எழுதியவரை எல்லோரும் டீச்சர் என்போம். முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்தவர். நாற்பது வயது. எதைக் கொடுத்தாலும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டுதான் படிக்கவே உட்காருவார். அந்தத் தொடரைக் கண்டு என்னைவிடக் கொதித்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் நான் திட்டிவிட்டு டீ குடிக்கப் போவேன். அவர் திட்டிவிட்டுக் கதையின் ஓட்டையை அடைக்க உட்காருவார்.

அடைப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். உதடு தெரியும்போது நமக்குச் சுதந்திரம் கிடையாது. அவன் வாய் மூடும் இடத்தில் நம் சொல்லும் மூட வேண்டும், திறக்கும் இடத்தில் திறக்க வேண்டும். ஆனால் ஆள் முதுகு காட்டி நின்றாலோ, தூரத்தில் நடந்தாலோ, யார் தோளிலாவது முகத்தைப் புதைத்தாலோ, அங்கே நாம் வைத்ததுதான் சட்டம். டீச்சர் அந்த இடங்களையெல்லாம் நொடிக் கணக்கோடு குறித்து வைத்திருப்பார். குண்டடி பட்டவன் ஏன் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறான்? அவன் முதுகு தெரியும் இரண்டு நொடியில், "காரில் வெடிகுண்டு வச்சிருக்காங்க" என்று ஒரு வரி. தீர்ந்தது. கொரியாக்காரன் ஒரு நாளும் யோசிக்காததை டயர் கடை மாடியில் இருந்து யோசித்துக் கொடுத்தார் எங்கள் டீச்சர்.

ஒரு தடவை சறுக்கினார். அவன் ஏன் சொந்த ஊருக்கே போவதில்லை என்பதற்காக மூன்றாம் பகுதியில், "எனக்கு அம்மா இல்லை" என்று எழுதிவிட்டார். எங்களுக்குப் பகுதிகள் நாலு நாலாகத்தான் வரும். ஒன்பதாம் பகுதியில் அம்மா கூடையோடு வந்து கதவைத் தட்டினாள். டீச்சர் இரண்டு நாள் அந்தக் காட்சியையே ஓட்டி ஓட்டிப் பார்த்தார். பிறகு கதவுக்கு வெளியே கேட்கும் குரலில், "பெத்தாதான் அம்மாவா? வளர்த்தவ வந்திருக்கேன்" என்று ஒரு வரி சேர்த்தார். அதைக் கேட்டு நிறையப் பேர் அழுதார்களாம்.

இவ்வளவு கெட்டிக்காரிக்கு வாய்த்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த மனிதரைப் பற்றி நல்ல வார்த்தை வராது, முன்பே சொல்லிவிடுகிறேன். வெளியூரில் மிஷின் பொருத்துகிற வேலை, பத்து நாளில் வந்துவிடுகிறேன் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெட்டியோடு கிளம்பினார். பதினோராம் நாளே வேலையை விட்டுவிட்டதாக கம்பெனியில் சொன்னார்கள். அதன் பிறகு மூன்று வருடம் ஆள் இல்லை, பேச்சு இல்லை. அங்கே பார்த்தேன், இங்கே பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறார் என்று வருடத்துக்கு ஒருமுறை யாராவது சேதி கொண்டுவருவார்கள். டீச்சர் அந்த மனிதரின் அக்காவோடுதான் ஒரே வீட்டில் இருந்தார். நாத்தனாருக்கு அந்தத் தொடர் என்றால் உயிர். "பாவம், புள்ளை எங்க கெடந்து என்ன கஷ்டப்படுதோ" என்று டிவி முன்னால் கண்ணைத் துடைத்துக்கொள்வாராம். உளவாளியைச் சொல்கிறாரா தம்பியைச் சொல்கிறாரா என்று தனக்கு இன்றுவரை விளங்கவில்லை என்பார் டீச்சர்.

அதனால் பன்னிரண்டாம் பகுதி வந்தபோது நான் பயந்தபடியே நடந்தது. 'மூன்று வருடங்களுக்குப் பிறகு' என்று எழுத்து வந்து போகிறது. சொல்லாமல் கொள்ளாமல் போன உளவாளி மழையில் வந்து நிற்கிறான். அவள் ஓடி வந்து தோளில் முகம் புதைத்து, "வருவீங்கன்னு தெரியும்" என்கிறாள். அவ்வளவுதான். டீச்சர் காகிதத்தை மேஜையில் அடித்தார்.

"ஏண்ணே, மூணு வருஷம்! செத்துட்டான்னு இவ அழுதுட்டு இருக்கா. அவன் அதே ஊர்ல ரெண்டு தெரு தள்ளி தாடி வச்சுட்டு மீன் வித்துட்டு இருந்திருக்கான். ஒரு போன் பண்ணக் கூடாதா? உளவுத்துறையில போனை ஒளிச்சு வச்சுட்டாங்களா?"

"எதிரிங்க ஒட்டுக் கேப்பாங்கன்னு பயந்திருப்பான் டீச்சர்."

"மீன் சுத்திக் குடுக்குற காகிதத்துல ஒரு வரி எழுதி அனுப்பக் கூடாதா? இவளும் இவ மானங்கெட்ட காதலும்!"

அவள் தோளில் முகம் புதைத்திருப்பது சரியாகப் பதினாலு நொடி. உதடு தெரியாது. டீச்சருக்கு அது வெல்லக்கட்டி. மூன்று வருடம் அவன் வராததற்கு ஒரு காரணத்தை அந்தப் பதினாலு நொடிக்குள் வைத்துவிட வேண்டும் என்று நாலு விதமாக எழுதினார். பழி விழுந்து தலைமறைவானான். ஜெயிலில் இருந்தான். நினைவு தப்பியது. தொடர்பு கொண்டால் அவளைக் கொல்வார்கள் என்று மிரட்டல். நாலையும் படித்துக் காட்டி, எது நம்பும்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டார். எதுவும் இல்லை என்றேன். முகம் சுருங்கிவிட்டது. தொடருக்காகத்தான் என்று நினைத்தேன். நான் ஒரு மடையன்.

மறுநாள் காலை, பதிவு தொடங்கும் முன்னால், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, அவர் அக்காவுக்கு போன் பண்ணியிருக்கார். இன்னைக்கு இங்க வந்து என்னைப் பாக்கறேன்னு சொன்னாராம். கேள்வி கேட்டு விரட்டிடாதேன்னு அண்ணி கையைப் புடிச்சுட்டு அழுறாங்க."

"நீங்க என்ன செய்யப் போறீங்க?"

"ஒத்துக்கிற மாதிரி ஒரே ஒரு காரணம் சொன்னாப் போதும்ணே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

கதாநாயகியை மானங்கெட்டவள் என்று திட்டியவர் இவர்தானே என்று வாய் வரை வந்தது. அவர் அன்றைக்குப் புதுச் சேலை கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் சொல்லாமல் விட்டேன்.

பதினோரு மணிக்கு வந்தார் மகானுபாவர். மூன்று வருடம் காணாமல் போனவன் எப்படி இருப்பான்? இளைத்திருப்பான், கறுத்திருப்பான் என்று நினைப்போம். இவர் மொழுமொழுவென்று சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டையில், லேசாகத் தொப்பை கூடப் போட்டு வந்திருந்தார். எனக்கு வணக்கம் வேறு வைத்தார். கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் பெண் இன்னும் வரவில்லை. அமைதியான இடம் என்று பதிவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள் இருவரும்.

உள்ளே மைக் திறந்திருந்தது. மூடியிருக்கலாம். மூடவில்லை. சரியாகக் கேட்க வேண்டுமே என்று ஏசியைக்கூட அணைத்தேன். என்னை உத்தமன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"எங்க போயிருந்தீங்க?"

"அது… ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"என்ன ஆச்சு? வேலை செய்யற இடத்துல ஏதாவது பழி போட்டுட்டாங்களா?"

"ஆமா. பழி போட்டுட்டாங்க."

"அதான் வீட்டுக்கு வர கூச்சமா இருந்திருக்கும்."

"கூச்சமாத்தான் இருந்துச்சு."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

உள்ளே நாலு நொடி சத்தமே இல்லை. நாலு நொடி வெற்றிடத்தை டீச்சரால் தாங்க முடியாது, தொழில் அப்படி.

"போன் தொலைஞ்சு போச்சா?"

"ஆமா, தொலைஞ்சு போச்சு."

"ஆனா நேத்து அண்ணிக்குப் பண்ணீங்களே. நம்பரை எங்கயாவது எழுதி வச்சிருந்தீங்களா?"

"எழுதி வச்சிருந்தேன்."

"அந்தச் சீட்டு இப்பத்தான் கெடைச்சுதாக்கும்."

"இப்பத்தான்."

இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ குரல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி எடுத்துக் கொடுத்ததை அப்படியே வாங்கிச் சொல்லும் ஆளைப் பார்த்ததில்லை. அவர் கதையில் ஓட்டை வரும்போதெல்லாம் டீச்சரே ஓடி ஓடி அடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியே டீச்சரின் முகம் தெரிந்தது. எழுதுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. இன்னும் ஐந்து நிமிடம் போனால் கதை முழுசாகிவிடும், மனிதர் வீட்டுக்குப் போய்க் கால் நீட்டி உட்கார்ந்துவிடுவார். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே பேசுவதற்கான பொத்தானை அமுக்கினேன்.

"டீச்சர், அவர் வசனத்தை அவரே சொல்லட்டும்."

இருவரும் திடுக்கிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார்கள். அவருக்குக் கோபம் வந்தது, நல்ல விஷயம். டீச்சருக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி. நீங்களே சொல்லுங்க. நான் எதுவும் கேக்கலை."

நான் ஒலி அளவு காட்டும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அசையவில்லை. பத்து நொடி. இருபது நொடி. டீச்சரின் உதடு இரண்டு தடவை திறந்து மூடியது. ஒரு சொல் வரவில்லை. அதற்கு அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன். முக்கால் நிமிடம் கழித்து அந்த மனிதர் லேசாகச் சிரித்தார்.

"இதென்ன கோர்ட்டா? நீ சொன்னதுல எது உனக்குப் புடிச்சிருக்கோ அதையே வச்சுக்கயேன். அதான் வந்துட்டேன்ல?"

டீச்சர் எழுந்தார். கனமான கதவை இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"எந்திரிச்சுப் போ."

பதினாலு வருடக் குடித்தனத்தில் அவரை நீ என்று அழைத்தது அதுதான் முதல் தடவை என்று பின்னால் சொன்னார். போகும்போது அந்த மனிதர் என்னிடம், "உங்க டீச்சர் ரொம்ப மாறிட்டாங்க" என்று குறைப்பட்டுக்கொண்டார். படி செங்குத்தாக இருக்கும், பார்த்து இறங்குங்கள் என்றேன். விழுந்திருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் பெண் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். பன்னிரண்டாம் பகுதியை எடுத்து வைத்துக்கொண்டு, "டீச்சர், இந்தப் பதினாலு செகண்டுக்கு என்ன சொல்லணும்? நாலு இருக்கே, எது?" என்று கேட்டாள். டீச்சர் நாலின் மீதும் சிவப்புக் கோடு இழுத்தார். ஒன்றும் சேர்க்க வேண்டாம், கொரியாக்காரர்கள் எழுதினது எதுவோ அதுவே போகட்டும், அந்த அபத்தத்துக்கு அவர்களே பொறுப்பு என்றார். சேனலில் இருந்து பிறகு புகார் வந்தது, அந்த இடம் மட்டும் கொஞ்சம் நம்ப முடியவில்லையாம்.

மத்தியானம் பதிவு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போனபின் டீச்சர் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஒட்டுக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று தொண்டையைக் கனைத்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். அப்போதுதான் அழுதார். சத்தமில்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி புறங்கையால் துடைத்துத் துடைத்து.

"மூணு வருஷமா அந்த ஆளுக்கு நானே காரணம் எழுதிட்டு இருந்திருக்கேண்ணே. எத்தனை எழுதியிருப்பேன் தெரியுமா! அந்த மனுஷன், இங்க பஸ்ல வரும்போதாவது, எனக்காக ஒரு பொய்யாச்சும் யோசிச்சுட்டு வந்திருக்கலாம்ல?"