ஒரே தோல், மூன்று கேசட்

எங்கள் வீட்டில் சக்தி மூன்று வகைப்பட்டது. அன்றைக்கு எந்த வகை என்பது, டிவிக்குக் கீழே இருந்த பெட்டியில் எந்த மஞ்சள் கேசட்டைச் செருகியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஆம்பூரில் எங்கள் தெருவில் வீடியோ கேம் இருந்த ஒரே வீடு எங்களுடையது. அம்மாவின் தம்பி எங்களோடு தங்கி, ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தார். போனஸ் வந்த கையோடு அந்தப் பெட்டியையும், ஒரே விளையாட்டின் மூன்று பாகங்களையும் வாங்கி வந்தவர் அவர்தான். திரையில் ஓடிய எழுத்து ஜப்பானோ சீனாவோ, எங்களில் யாருக்கும் தெரியாது. ஆகவே கதையை நாங்களே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

கதாநாயகன் கட்டைவிரல் உயரம் இருப்பான். தலையில் சிவப்புத் துணி. வழியில் நாலு முனையிலும் நூல் இழுத்துக் கட்டிய, சற்றே கோணலான ஒரு பழுப்புத் துண்டு தொங்கும். எகிறி அதைத் தொட்டால் நெருப்பு வீசும் சக்தி வரும். அது என்னவென்று எங்களுக்குச் சந்தேகமே எழவில்லை. பலகையில் இழுத்து ஆணியடித்துக் காயவைத்த தோல்; பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் பார்ப்பதுதான். ஏதோ ஒரு மிருகத்தின் பலம் அதில் தங்கியிருக்கிறது, போர்த்திக்கொள்கிறவனுக்கு அது வந்துவிடுகிறது என்று மாமா விளக்கினார். நான் அப்படியே நம்பினேன்.

ஆனால் மூன்று பாகத்திலும் சக்தி ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. முதல் பாகத்தில், அடி படும்வரை சக்தி முழுசாக இருக்கும். ஓர் அடி பட்டால் மொத்தமும் போய்விடும். இரண்டாம் பாகத்தில் அது போகவே போகாது, ஆனால் ஒவ்வொரு தடவை பயன்படுத்தும்போதும் உயிர் கொஞ்சம் குறையும். மூன்றாம் பாகத்தில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம். இருவருக்கும் சேர்த்து ஒரே சேமிப்பு. ஒருவர் நெருப்பை வீசினால் மற்றவருக்கு அந்த அளவு குறைந்துபோகும்.

அப்படியானால் மூன்றிலும் வருவது ஒரே ஆளா, வேறு வேறு ஆட்களா? பத்து வயதில் எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி இருக்கவில்லை. நான் ஒரே ஆள் என்றேன். மாமா மூன்று பேர் என்றார்.

“சிவப்புத் துணி மூணுலயும் இருக்குது மாமா.”

“எங்க கம்பெனில எல்லாருக்கும் நீலச் சட்டைதான். அதுக்காக எல்லாரும் ஒரே ஆளா? போடி பேஜாரு.”

சும்மா வாயாடிக்கொண்டிருந்த வரைக்கும் பிரச்சினை இல்லை. ஒருநாள் பஜாரில் கேசட் கடைக்கு நான்காம் பாகம் வந்துவிட்டது. பழையது இரண்டைக் கொடுத்தால் புதியது ஒன்று தருவார்கள். முதல் இரண்டையும் கொடுத்துவிடலாம் என்று மாமா முடிவு செய்தார். அவர் கணக்குப்படி அந்த இரண்டு ஆட்களின் கதையும் முடிந்துபோனது. எனக்கோ, ஒரு மனிதனின் தலையையும் உடம்பையும் கொடுத்துவிட்டுக் காலை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வது போலிருந்தது. இரண்டு கேசட்டையும் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடவும் எழுந்திருக்கவில்லை.

ரவிக்கை தைக்க அம்மாவிடம் அளவு கொடுக்க வந்த எதிர்வீட்டு அக்காதான் நடுவில் மாட்டிக்கொண்டார். அவரும் அதே கம்பெனி. செக்கிங் செக்‌ஷனில் இடது ஷூவுக்குச் சரியான வலது ஷூவைச் சேர்ப்பது அவர் வேலை. இரண்டின் நிறமும் ரேகையும் துளி மாறினாலும் தூக்கித் தனியே வைத்துவிடுவார் என்று மாமாவே முன்பு சொல்லியிருக்கிறார்.

“அவங்களையே கேளு. அவங்க சொன்னா சரி,” என்றார் மாமா.

அக்கா தரையில் உட்கார்ந்து மூன்று பாகத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொன்னார். நான் ஆடினேன். மாமா கேசட்டை ஊதி ஊதி மாற்றினார். அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஆளுதான்,” என்றார் அக்கா.

“எப்டிங்க? சக்தி மூணு விதமா இருக்குதே?”

“இன்னாங்க நீங்க, கம்பெனில இருந்துகினே இப்டி கேக்கறீங்க? ஒரே தோலுதான். முதுகுல வெட்னா கெட்டியா இருக்கும். வயித்துப் பக்கம் வெட்னா இழுக்க இழுக்க வரும், ஆனா தளந்து போவும். மொத பாகம் முதுகு, ரெண்டாவது வயிறு.”

“அப்ப மூணாவது?”

“அது ஜோடி. ஒரே தோல்ல ரெண்டு காலுக்கும் எடுக்கணும். ஒண்ணுக்கு ஜாஸ்தி போனா இன்னொண்ணுக்கு கம்மி ஆவும்.”

எந்த வாதத்திலும் கடைசிச் சொல்லை யாருக்கும் விட்டுக்கொடுக்காத மாமா, “சரிதாங்க” என்றார். அவ்வளவுதான். கேசட்டுகள் வீட்டிலேயே இருந்தன. நான்காம் பாகம் எங்களுக்கு வரவே இல்லை. என் கட்சி ஜெயித்ததைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்து, ஆறிப்போன சோற்றை இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா எனக்கு அத்தையாகி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. போன மாதம் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகள், அதே விளையாட்டின் புதிய பாகத்தைச் செல்போனில் ஆடிக்கொண்டிருந்தாள். பழைய பாகங்களின் கதையை அதில் ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார்களாம். படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, அது தோலே இல்ல. காத்தாடி, பறக்க விடற பட்டம்! காத்துல இருந்துதான் சக்தி வருதாம். மூணு பாகத்துலயும் தாத்தா, அப்பா, புள்ளன்னு வேற வேற ஆளுங்க.”

“நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல, மூணு பேருன்னு?” என்று மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆனா அது தோலுதான். காத்தாடியாம்!”

அத்தை அவரைத் திரும்பிப் பார்த்தார். “அவ்ளோ தெரிஞ்சவரு அன்னிக்கு ஏன் சரின்னு சொன்னீங்க?”

மாமா டீ டம்ளருக்குள் எதையோ தேடினார்.

எனக்கு அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. தைத்த ரவிக்கையை வாங்க வந்த அக்காவை, சந்தேகம் தீர இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று மாமா உட்கார வைத்தார். அதற்கடுத்த வாரம் அக்கா தானாகவே வந்தார். எப்போதும் மூன்றாம் பாகம்தான். அம்மாவுக்குத் திடீர் திடீரென்று நூல்கண்டு தேவைப்படும். கடைக்கு நான்தான் ஓடவேண்டும். திரும்பி வந்து பார்த்தால் அக்காவின் ஆள் நெருப்பை வாரி வீசிக்கொண்டு போவான். மாமாவின் ஆள் பக்கத்திலேயே நடந்து, எல்லா அடியையும் வாங்குவான். சக்திப் பட்டனை மாமா தொடவே மாட்டார். சேமிப்பு முழுதும் அக்காவுக்கே மிஞ்சும்.

“பட்டனை அமுக்கு மாமா! சாவப் போறே!” என்று கத்துவேன். கட்டைவிரலை அந்தப் பட்டனுக்கு மேலேயே வைத்துக்கொண்டு, அமுக்காமல் சிரிப்பார்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “மாமாவுக்கு மூணாம் பாகம் ஆடவே தெரியலம்மா.”

அம்மா மெஷினை நிறுத்தி, திரையையும் அவர்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு என் கையில் சில்லறையை வைத்து, இன்னொரு நூல்கண்டு வாங்கி வரச் சொன்னாள். எந்த நிறம் என்று கேட்டேன். எதுவா இருந்தா இன்னா, மெதுவா போய் வா என்றாள்.