கறுத்த அரிசியும் கெர்னல் டைமரும்

நான் விற்ற மெஷின் நல்ல அரிசியை வெளியே ஊதித் தள்ளியது. கறுத்த அரிசி ஜம்மென்று மூட்டைக்குள் போனது.

அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது... டக் டக் டக்கென்று காற்று வால்வுகள். முகமெல்லாம் தவிட்டுத் தூசு.

கோல சிலாங்கூர் பக்கம் ஓர் அரிசி ஆலை. தரம் பிரிக்கும் பழைய மெஷின் ஒன்றுக்கு லினக்ஸில் ஓடும் மலிவான சிறு கணினி போர்டு பொருத்தி அங்கே விற்றிருந்தேன். அரிசி கொட்டும்போது கேமரா கறுத்ததைப் பார்க்கும். சரியான கணத்தில் வால்வு அதை ஊதித் தள்ள வேண்டும். அந்த மெஷினுக்காக என் லோரியையே விற்றிருந்தேன். அறுவடைக்குள் சரியாகாவிட்டால் தூக்கிக்கொண்டு போ என்று ஆலை முதலாளி, தவுக்கே, சொல்லிவிட்டார்.

வேகம் போதவில்லை என்று நினைத்து, இரண்டு மடங்கு விலையில் வேறு போர்டு போட்டேன். அதுவும் அப்படியே...

அப்புறம்தான் புக்கிட் ரோத்தான் ஊர்க்காரி எஸ்தரை அழைத்தேன். கோலாலம்பூரில் மென்பொருள் வேலை பார்ப்பவள். வந்து மெஷினை ஓட்டிப் பார்த்தாள்.

"வேகத்துக்கு என்ன கொறச்சல் அண்ணே? நேரந்தான் தப்புது. லினக்ஸோட மையம் இருக்கே, கெர்னல், அது வேற வேலையா இருந்தா வால்வு லேட்டா தெறக்குது."

"அதுக்கு என்ன பண்றது?"

"சிப்புக்குள்ளயே ஒரு டைமர் இருக்கு. இந்த நேரத்துக்குத் தெறன்னு முன்னாடியே சொல்லி வெச்சா, யாரையும் கேக்காம தெறந்துடும். ஆனா வால்வை ஓட்டற டிரைவர் புரோகிராமுக்குக் கெர்னல் அதக் காட்டவே இல்ல. நாந்தான் வழி எழுதணும்."

"நம்ம வால்வுக்கு மட்டும் எழுதிடு மா."

"அரைகுறையா செய்ய மாட்டேன். எந்த டிரைவர் கேட்டாலும் கெடைக்கிற மாதிரி எழுதி, எல்லாருக்கும் குடுத்துருவேன்."

"ஈப்போ டவுன்ல இதே வியாபாரம் பண்றவன் சும்மா எடுத்துக்குவானே லா!"

"எடுத்துக்கட்டும். லினக்ஸ நீங்க காசு குடுத்தா வாங்குனீங்க?"

சரி, கொடு என்றேன். பேரத்தை மட்டும் விடவில்லை.

எட்டு நாள் ஆலையிலேயே கிடந்தோம். எட்டாம் நாள் மெஷினை முழு வேகத்தில் விட்டோம். தவுக்கே தட்டில் அரிசியைப் பரப்பி, விரலால் கிளறிக் கிளறித் தேடினார். ஒரு கறுப்பும் அகப்படவில்லை. எனக்கு ஒரு கோப்பி வரவழைத்தார்.

இப்போது புது போர்டு வாங்கினால் அந்த வசதி கெர்னலோடு வந்துவிடுகிறது. ஈப்போக்காரனும் எடுத்துக்கொண்டான், என் லாபம் குறைந்தது உண்மைதான். கோளாறு என்றால் போனிலேயே தீர்த்துவிடுகிறேன்... ஒரு தட்டு அரிசியைப் பார்த்து மூச்சைப் பிடித்து நிற்பதெல்லாம் இனி இல்லை.

எஸ்தரோடு அன்று பேசி முடித்தது இதுதான்: கூலி மூவாயிரம் மலேசிய வெள்ளி, அவள் எழுதுவது அந்த அறுவடை முடியும்வரை எனக்கு மட்டும், அதன்பின் எல்லாருக்கும்.