‘பக்கத்துல யாரோ’: மேலகரத்தில் ஒரு கேள்வியைத் திருத்திய பயணம்

ஒரு கேள்வித்தாள் ஊருக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கத் தென்காசி போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். "சீசன் நேரத்துலயா? அருவியில குளிக்கப் போறேன்னு நேராவே சொல்லு." ஆடி மாதம் அமைந்தது தற்செயல்தான், சத்தியமாக!

நான் உளவியல் ஆய்வாளர். விசித்திரமான நம்பிக்கைகள், இல்லாததை உணர்தல், அளவு மீறிய சந்தேகம் இவற்றை ‘ஸ்கிசோடைப்பல்’ பண்புகள் என்போம். அவற்றை அளக்கும் வெளிநாட்டுக் கேள்வித்தாளைத் தமிழாக்கியிருந்தோம். அதை நம் மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று நேரில் பார்த்தாக வேண்டும்.

சென்னையிலிருந்து இரவு ரயில். காலையில் தென்காசியில் இறங்கினால் சாரல்! ஸ்டேஷன் வாசலில் என் உதவியாளர் செல்வி குடையோடு நின்றாள். மேலகரத்துக்காரி. குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். குற்றாலம் பஸ்ஸில் ஏறி, வழியிலேயே அவள் ஊரில் இறங்கிக்கொண்டோம்.

முதல் வீடு இசக்கியம்மாளுடையது. (பெயர்களை மாற்றியிருக்கிறேன், எழுதச் சம்மதமும் வாங்கியாயிற்று.) நெல் விவசாயம். கணவர் முருகையா ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இருவரையும் தனித்தனியே கேட்டோம்.

"யாரும் இல்லாதபோது பக்கத்தில் யாரோ இருப்பதாக உணர்ந்ததுண்டா?"

"உண்டுல்லா!" என்றார் இசக்கியம்மாள். "வயக்காட்டுக்குத் தனியா போகும்போது எங்க காவல் சாமி மாடசாமி கூடவே வருதாரு."

"மற்றவர்கள் உங்களைப் பற்றிப் பேசுவதாகத் தோன்றுமா?"

"தோண என்ன இருக்கு? பேசத்தான் செய்யுதாவ! இந்தத் தெருவுல குடியிருந்து பாருங்க மேடம்."

செல்வி சிரித்தேவிட்டாள். எனக்குத் திக்கென்றது. எங்கள் கணக்குப்படி இந்தக் கலகலப்பான மனுஷிக்கு மதிப்பெண் எகிறியிருந்தது. இப்படியே அச்சிட்டால் ஊரில் பாதிப்பேரைச் சந்தேகப்பட வேண்டியதுதான். முருகையா அண்ணாச்சியோ எல்லாவற்றுக்கும் ஒரே சொல்: "இல்ல."

மதியம் குற்றாலம். பேரருவியில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. தலை துவட்டியும் துவட்டாமலும் மிளகாய் பஜ்ஜியோடு உட்கார்ந்து கேள்வியை உடைத்துப் போட்டோம். ஊரே நம்புவது வேறு, ஒருவரை மட்டும் வாட்டுவது வேறு. அந்த வித்தியாசம் கேள்வியிலேயே இல்லை! செல்வி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பஜ்ஜி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

மறுநாள் காலை புதுக் கேள்வியோடு மறுபடி இசக்கியம்மாளிடம் போனோம். "உங்க ஆளுங்க யாரும் சொல்லாத, உங்களுக்கு மட்டும் தெரியுற ஏதாவது பக்கத்துல இருக்கா? அது உங்களைத் தொந்தரவு பண்ணுதா?"

"மாடசாமி என்னத்துக்குத் தொந்தரவு பண்ணப் போறாரு? அப்படில்லாம் ஒண்ணும் கிடையாது." எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது.

அவர் வயலுக்குப் போனபின் அதையே முருகையாவிடம் கேட்டோம்.

"நேத்து சாமியப் பத்திக் கேக்கீயன்னு நெனச்சேன். இது இருக்கு. ராத்திரி பேரு சொல்லிக் கூப்பிடுது. அவகிட்டகூடச் சொன்னதில்ல."

பேனாவை மூடினேன். "அண்ணாச்சி, இந்தத் தாளை வச்சு நோய்னு எதையும் சொல்ல முடியாது. ஆனா டாக்டர்கிட்ட பேசலாம். நான் கூட வரட்டுமா?"

"இசக்கி வரட்டும். மொதல்ல நானே அவகிட்ட சொல்லிக்கிடுதேன்."

முழுச் சரிபார்ப்புக்கு இன்னும் நிறையப் பேரைக் கேட்க வேண்டும். ஒரு கேள்விதான் திருந்தியிருக்கிறது. இதே வேலையாக வருகிறவர்களுக்கு: உள்ளூர்ப் பேச்சு தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். கணவன் மனைவியைச் சேர்த்து உட்காரவைக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் முன்பே பேசிவையுங்கள். சீசனில் சனி, ஞாயிறு குற்றாலத்தில் அறை கிடைப்பது கஷ்டம், தென்காசியில் தங்குங்கள்.

ஊர் திரும்பிய வாரம் இசக்கியம்மாள் போன் செய்தார்.

"டாக்டர் நல்லா காது குடுத்துக் கேட்டாரு மேடம். நானும் இவுககிட்ட சொல்லிட்டேன், இனி ராத்திரி அது கூப்பிட்டா என்னையும் எழுப்பணும்னு."