பூக்க விடாத முல்லை

நெம்மேலி வீட்டு ஜன்னலுக்கு வெளியே கம்பி வலை அடித்து முல்லையை ஏற்றிவிட்டவள் என் மனைவி. கொடி விறுவிறுவென்று மேலே போனால் அவளுக்குப் பிடிக்காது. கொழுந்தை நகத்தால் கிள்ளுவாள். பக்கக் கிளைகளைப் படுக்கவைத்து, பழைய புடவைக் கிழிசலால் வலையில் தளர்வாகக் கட்டுவாள். கிள்ளின இடத்தில் இரண்டு கொழுந்து வெடிக்கும். அதையும் கிள்ளுவாள். அரும்பு வைக்க விட்டால்தானே!

"இன்னா, அதத் தலையெடுக்கவே வுடமாட்ட போலக்கீது?" என்று வம்புக்கு இழுப்பேன்.

"சும்மா இருய்யா. மொதல்ல வலை ரொம்பட்டும். அப்பால பாரு, தெருவே மணக்கும்."

வலை நிரம்பவில்லை. காய்ச்சலோடு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு கிள்ளுவது என் வேலையானது. காலையில் பல் விளக்கியதும் அதுதான். கொடி புதராய் அடைத்துக்கொண்டது. பார்த்தவர்கள் கைராசி என்றார்கள். கைராசியாவது மண்ணாவது! பூத்தால் முதல் பூ கூடத்தில் மாட்டியிருக்கும் அவள் படத்துக்குத்தான் போகும். அதை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் கிள்ளினேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம், விளக்கு போடும் நேரம், வீட்டுக்குள் முல்லை வாசனை. கொடியில் ஒரு அரும்பு கிடையாது, எனக்குத் தெரியாதா? சமையல்கட்டு வரை போய்ப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டேன்கூட. பயமில்லை என்றால் பொய். ஆனால் வந்துவிட்டாளே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அன்றிலிருந்து சாயங்காலமானால் அவளுக்கும் சேர்த்து டீ போட ஆரம்பித்தேன்.

ஊரப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் ஒரு ஞாயிறு சாயங்காலம் சொல்லாமல் வந்து நின்றாள். மேசையில் இரண்டு டம்ளரைப் பார்த்தாள். வாசனை வந்த பக்கமாகப் போய் ஜன்னலைத் திறந்து, இலைகளுக்குள் கையை விட்டாள்.

"நைனா, இங்க பாரேன். உள்பக்கமா பூத்துக்கினு கீது."

நான் வெளியே நின்றே கிள்ளியவன். சுவர்ப் பக்கம் என் கை போனதே இல்லை. அங்கே, அவள் கட்டிய புடவைக் கிழிசல்களை ஒட்டி, கொத்துக் கொத்தாய்ப் பூ. அப்படியானால் அவள் வரவே இல்லை.

மகள் பறித்துத் தொடுத்தாள். படத்தைப் பார்த்து நடந்தாள்.

"அங்க வேணாம்மா. நீ தலையில வெச்சுக்க."

"அம்மாக்குத்தானே நைனா மொதல்ல? அது வளத்த பூவு."

சரத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவள் ஒதுங்கி நின்றாள். நானே போட்டேன்.

மேசையில் இரண்டாவது டீ ஆறிப்போயிருந்தது. அதையும் நானே குடித்தேன்.