சவர்க்காரம் பூசிய காலில் ஒட்டாத மருந்துத்தாள்

றிவர்ஸ்டன் மலைக்கு எப்படிப் போவது என்று கேட்டு இந்தத் தளத்துக்கு அடிக்கடி எழுதுகிறீர்கள். நான் அந்தப் பாதையில் பாதி வரைதான் போயிருக்கிறேன். அதுவும் வேலைக்காக. சென்ற ஒக்டோபரில், மழை தொடங்கிய இரண்டாவது வாரம்.

வேலையைப் பற்றிக் கொஞ்சம். கண்டியில் ஓர் ஆய்வுக்குழுவில் உதவியாளராக இருக்கிறேன். ஆறாத புண்களுக்கான ஒரு மருந்துத்தாளைச் சோதித்துப் பார்க்கிறோம். இறால் ஓட்டிலிருந்து பிரித்தெடுத்த பொருளை மெல்லிய, ஈரமான படலமாக்கி, சுற்றிலும் ஒட்டும் விளிம்பு வைத்திருக்கிறோம். பஞ்சும் துணியும் வைத்துக் கட்டினால், தினமும் பிரிக்கும்போது புதிதாக வந்த தோலும் கூடவே பிய்ந்து வரும். இந்தத் தாள் புண்ணைக் காயவிடாது. கிருமியையும் தடுக்கும். ஐந்து நாள் தொடர்ந்து காலிலேயே இருக்க வேண்டும். இன்னொரு நிபந்தனையும் உண்டு: காலுக்கு ஓய்வு. வேலைக்குப் போகக்கூடாது. அதற்குக் கையொப்பமும் வாங்கியிருந்தோம்.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான்கு பெண்கள் எங்கள் பட்டியலில் இருந்தார்கள். நால்வருக்கும் தாள் முன்கூட்டியே கழன்றது. யோகம்மாவுக்குத்தான் மோசம். மூன்று முறையும் இரண்டாம் நாளே விழுந்துவிட்டது. வயது நாற்பத்தெட்டு, கொழுந்து பறிப்பவர், சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, உள்ளவர். கணுக்காலுக்கு மேலே எட்டு மாதமாக ஆறாத புண். தாள் இருந்த அந்தச் சில நாட்களிலேயே அது சுருங்கத் தொடங்கியிருந்தது. மலை ஈரத்தில் ஒட்டாது என்பது எங்கள் குழுத் தலைவியின் முடிவு. இன்னொரு முறை விழுந்தால் யோகம்மாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்தால் பழையபடி பஞ்சும் துணியும். புண் எலும்பைத் தொட்டால் காலுக்கு என்ன ஆகும் என்று யோகம்மாவுக்கு மருத்துவமனையில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்.

கண்டியிலிருந்து மாத்தளை 25 கிலோமீற்றர். சாதாரண பஸ், ஒன்றேகால் மணி நேரம், 120 ரூபா. மாத்தளையில் கோயிலுக்குப் பின்புறம் ஒரு விடுதியில் இரவு தங்கினேன். 3,500 ரூபா. வெந்நீர் வராது. வரும் என்று பலகையில் எழுதியிருக்கும்.

காலை 5.15க்கு இரத்தோட்டை பஸ். 12 கிலோமீற்றர், 35 நிமிடம், 70 ரூபா. எங்கள் ஆட்கள் வழக்கமாகப் பகல் இரண்டு மணிக்குத்தான் தோட்டத்துக்குப் போவார்கள். நான் விடியலில் போனதற்குக் காரணம் சுயநலம். எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட்டு மேலே போய் மலையைப் பார்க்கலாம் என்ற கணக்கு.

இரத்தோட்டையிலிருந்து முச்சக்கரவண்டி. 7 கிலோமீற்றர் ஏற்றம், 1,200 ரூபா. ஓட்டியவர் ரிஸ்வான். பாட்டன் காலத்திலிருந்து இதே ஊர், மிளகு வியாபாரக் குடும்பம் என்றார். என் பெட்டியில் என்ன என்று கேட்டார். இறால் ஓட்டில் செய்த மருந்துத்தாள் என்று விளக்கினேன். வளைவு ஒன்றைத் திரும்பி முடித்தார்.

"தங்கச்சி, நாங்க குப்பையில போடுறத படிச்சவங்க கால்ல ஒட்டுறீங்க."

சிரித்தார். பிறகு தன் உம்மாவின் காலுக்கும் கிடைக்குமா என்று கேட்டார். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்றேன். சரி என்று தலையாட்டினார்.

6.20. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு முன்னால் ஒரு தண்ணீர்க் குழாய். பக்கத்தில் ஒரு கல். யோகம்மா அதில் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியிருந்தது. அதைக் கட்டினால் மலைக்கு வேலைக்குப் போகிறார் என்று பொருள். கையில் துணி துவைக்கும் சவர்க்காரக் கட்டி. முழங்கால் வரை இரண்டு கால்களிலும் தேய்த்துக்கொண்டிருந்தார். புண்ணின் மேல் பழைய துணி ஒன்றைச் சுற்றியிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"மிஸ் ரெண்டு மணிக்கில்ல வருவீங்க."

சவர்க்காரம் எதற்கு என்று கேட்டேன். அட்டைக்கு. மழை நாளில் பூசாமல் மலை ஏறினால் காலில் ரத்தம் மிஞ்சாதாம். நாங்கள் தாள் ஒட்ட வரும் நாளிலும் பூசுவாரா என்று கேட்டேன்.

"அன்னைக்குந்தான். அன்னைக்கு ரெண்டு தரம். மலையிலருந்து வந்து திரும்பவும் நல்லா சவுக்காரம் போட்டுக் கழுவுவேன். மிஸ்மாரு கையால தொடுற காலு. சேத்தோட நீட்ட முடியுங்களா?"

இந்த விளிம்பை வியர்வையில் வைத்துப் பார்த்திருக்கிறோம். உப்புநீரில், நீராவியில். சவர்க்காரம் படிந்த தோலில் ஒட்டிப் பார்க்கவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத வழுக்கலாகத் தங்கிவிடும். ஒட்டுவதற்கு முன் நாங்கள் லேசாகத் துடைத்தது போதவில்லை. எங்களுக்குக் காட்டிய மரியாதையின் மேல்தான் இத்தனை நாளும் ஒட்டிக்கொண்டிருந்தோம்.

ஓய்வில் இருப்பதாகச் சொன்னீர்களே என்றேன்.

"சொன்னேன். சொல்லலைன்னா நீங்க பிளாஸ்டர் தரமாட்டீங்க. போகலைன்னா தோட்டத்துல பேர் போடமாட்டாங்க."

பேர் என்றால் அன்றைய வேலைநாள். பேர் விழாவிட்டால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. அவர் குரலில் மன்னிப்பு எதுவும் இல்லை. எனக்கும் கோபம் வரவில்லை. வர வேண்டுமா என்று யோசித்தேன்.

துணியைப் பிரித்து, பலமுறை வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாக உலரவைத்து, புதுத் தாளை ஒட்டினேன். மலைக்கென்று நான் வாங்கி வந்திருந்த, அட்டை புகாத காலுறையை அதன் மேல் போட்டுவிட்டேன். முழங்கால் வரை வரும், நெருக்கமான நெசவு, சவர்க்காரம் தேவையில்லை. யோகம்மா காலை நீட்டிப் பார்த்தார்.

"கங்காணி பாத்தா வெள்ளக்காரி கொழுந்தெடுக்க வந்துட்டான்னு சொல்லுவாரு."

பிறகு படிவம். 'கழன்றதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். பேனாவை எடுத்துவிட்டு நிறுத்தினேன். சவர்க்காரம் என்று எழுதினால், ஏன் என்று கேட்பார்கள். அட்டை என்றால், அட்டை உள்ள இடத்தில் என்ன வேலை என்பார்கள். நிபந்தனையை மீறியவர் என்று பெயரை எடுக்கலாம். எழுதாவிட்டால் மலை ஈரம்தான் காரணமாக நிற்கும். அடுத்த ஊரிலும் இதே தவறு நடக்கும். இரண்டையும் அவரிடமே சொன்னேன்.

அவர் குழாயை இறுக்கி மூடினார். "இது என் கால் மட்டுமில்ல மிஸ். இருங்க, கேட்டுட்டு வர்றேன்."

காலையில் எல்லோரும் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களம் அங்கிருந்து தெரியும். நான்கு பெண்கள் கூட்டத்திலிருந்து விலகி நின்றார்கள். எங்கள் பட்டியலில் இருந்த அதே நால்வர். ஒருவர் கையை வீசி மறுத்தார். இன்னொருவர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் குழாயடியில் நின்றேன். இருபது நிமிடம். யோகம்மா திரும்பி வந்தார்.

"எழுதச் சொல்லிட்டாங்க. ஒருத்தின்னு எழுதாதீங்க. நாலு பேரும் வேலைக்குப் போறோம்னு எழுதுங்க. ஒருத்தின்னா வெட்டுவீங்க. நாலு பேரையும் வெட்டிட்டா அப்புறம் யாருக்கு ஒட்டுவீங்க?"

அப்படியே எழுதினேன். கட்டம் போதவில்லை, ஓரத்தில் எழுதினேன்.

மேலே போகவில்லை. மலையைப் பார்க்கப் போகும் மனநிலை இல்லை. கீழே இறங்க நடந்தேன். ஒன்றரை மணி நேரம்.

போகிறவர்களுக்குச் சில. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை அந்தப் பக்கம் அட்டை அதிகம், காலுறை அவசியம். இரத்தோட்டையிலேயே சாப்பிட்டுவிடுங்கள், மேலே கடை குறைவு. முச்சக்கரவண்டியைத் திரும்பி வரும் நேரம் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், நான் பேசவில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் மாலையில் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். சிறு கீறல் என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். லயங்களைப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள்.

குழுத் தலைவி படிவத்தை இரண்டு முறை படித்தார். இதுவரை எடுத்த புண் அளவுகளெல்லாம் ஓய்வில் இருக்கும் கால்களின் அளவுகள் என்றல்லவா எழுதி வைத்திருக்கிறோம் என்றார். யாரையும் எடுக்கவில்லை. ஓய்வு என்ற நிபந்தனையைப் பேனாவால் அடித்துவிட்டு, வேலைக்குப் போகும் நாட்களை எழுத ஒரு வரி சேர்த்தார். மற்ற மூவருக்கும் காலுறை வாங்கச் சொன்னார்.

ஐந்தாம் நாள் மீண்டும் போனேன். பகல் இரண்டு மணிக்கு. யோகம்மாவின் தாள் ஒரு மூலையில் மட்டும் சுருண்டிருந்தது, மற்றபடி அப்படியே இருந்தது. நால்வரும் வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்து காலை நீட்டினார்கள். சேறு காயாத கால்கள். ஒருவரும் கழுவியிருக்கவில்லை.