வாலடியில் ஒரு கறுப்புப் புள்ளி

சுண்டெலியின் வாலடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கறுப்புப் புள்ளி. செங்கல்பட்டு ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் யாருக்கும் தெரியாமல் நான் வைத்தது. எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். கடைக்காரர் தட்டிக் கொடுத்த தேங்காயையும் இன்னொரு முறை தட்டிப் பார்ப்பேன். அப்போது என் சந்தேகமெல்லாம் எங்கள் சீனியர் அக்கா மேல்.

கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவார். எல்லோருக்கும் முன்னால் வந்து எலிக் கூண்டுகளைத் தனியாகப் பார்ப்பார். இரண்டு வகை எலிகளை ஒப்பிடுவது அவர் வேலை. ஒரு வகைக்கு, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய் பரம்பரையாக வரும். மற்றது ஆரோக்கியமான வகை. ஈரல் சுரக்கும் ஒரு புரதம் நோய் வகையின் ரத்தத்தில், நோய் தலைகாட்டும் முன்பே, கூடுதலாக இருக்கிறது, அது மரபணுவின் வேலை என்பது அவர் கண்டுபிடிப்பு. வரைபடத்தில் இரண்டு வகையும் ஒட்டாமல் உரசாமல் நின்றன. உயிருள்ள எதுவும் அவ்வளவு சுத்தமாக நடந்துகொள்ளாது என்று எனக்குப் பட்டது. கட்டுரையில் என் பெயரும் வரவிருந்தது. பொய்யென்றால் எனக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர்.

ஆண் எலிகள் ஒரே கூண்டில் இருந்தால் கடித்துக்கொள்ளும். இரண்டு வகையிலும் கடிபட்டவற்றுக்குப் புள்ளி வைத்தேன். மறுநாள் ரத்தம் எடுக்க அக்கா கொண்டுவந்தவற்றில் புள்ளி வைத்த ஆரோக்கிய எலி ஒன்றுகூட இல்லை. புள்ளி வைத்த நோய் எலிகள் அத்தனையும் இருந்தன.

அந்த ஞாயிறு ஆய்வகத்தார் எல்லோருமாக மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் வறுத்த மீனைப் பிய்த்துக்கொண்டே, கடிபட்ட ஆரோக்கிய எலிகள் எங்கே போயின என்று அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

"காயம் பட்டாலே ஈரல் அந்தப் புரோட்டீனக் கொட்டும்டி. அது ஜீன் பண்ற வேலயா? அதான் ஒதுக்கிட்டேன்."

"அப்ப நோய் வகையில கடிபட்டத மட்டும் இன்னாத்துக்குக்கா வுட்டு வெச்சீங்க?"

அக்கா மீன் முள்ளை மணலில் வீசினார். "இன்னாடி, என்னியே வேவு பாத்துகினு கீறியா?"

எங்கள் பேராசிரியரிடம் சொன்னேன். எலிகளை ஆளுக்கொரு கூண்டில் வைத்து, ரத்தக் குழாய்களில் வெறும் எண் ஒட்டி, எது எந்த வகை என்று அளப்பவருக்கே தெரியாமல் மறுபடி அளக்கச் சொன்னார். வித்தியாசம் குறைந்தது, ஆனால் போகவில்லை. அக்கா சொன்னது உண்மைதான். உண்மைக்குப் போய் எதற்கு அந்தக் கைவரிசை என்று இன்றும் ஆத்திரம் வருகிறது. கட்டுரையில் இருவர் பெயரும் வந்தன. அதன்பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

இப்போது அந்த ஆய்வகம் என் பொறுப்பில். போன வாரம் ரத்தம் எடுக்க ஆரோக்கிய வகை எலி ஒன்றைத் தூக்கினேன். முதுகில் கடிபட்ட காயம்; கூண்டுகள் போதாமல் எலிகளை மறுபடி சேர்த்துத்தான் வைத்திருந்தோம். ஒதுக்கி வைத்துவிடலாம் என்று வேறு கூண்டுக்குக் கையை நீட்டியபோதுதான் அதன் வாலடியில் அதே மாதிரி ஒரு கறுப்புப் புள்ளியைப் பார்த்தேன். நான் வைத்ததல்ல. எதிரே என் மாணவி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். என்னையே வேவு பார்க்கிறாள். கடற்கரையில் அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

"நோய் வகையிலயும் கடிபட்டது இருக்கா பாரும்மா," என்றேன்.

"பாத்துட்டேன் மேடம்," என்றாள், நிமிராமலே. "அதுங்களுக்கும் புள்ளி வெச்சிக்கீறேன்."