பாதியாகச் சொன்ன பால்

என் வீட்டுக்காரர் கறவை மாட்டு இனவிருத்தி ஆராய்ச்சியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூரில் எங்கள் உறவுக்காரர்களுக்கு அவ்வளவு நீளம் ஆகாது. மாட்டு வாத்தியார் என்றால் போதும். அந்த வாத்தியாருக்குப் போன மாதம் சிதம்பரத்தில் பாராட்டு விழா. பழைய மாணவர்கள் கீழவீதிப் பக்கம் மண்டபம் பிடித்திருந்தார்கள். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தேன். கல்யாணமான நாள் முதல் அவரை மாடுகளுக்கு விட்டுக்கொடுத்தவள், எனக்கும் ஒரு சால்வை போட்டால் குறைந்தா போய்விடும்!

அவர் செய்த வேலை இதுதான். காளை பால் கறக்காது. அது நல்ல காளையா என்று தெரிய, அதற்குப் பிறந்த பசுக்கள் எவ்வளவு கறக்கின்றன என்று பார்க்க வேண்டும். அதற்காக வெயில் மழை பாராமல் ஊர் ஊராக அலைந்தார். பல வீடுகளில் இவர் போவதற்குள் கறந்து சொசைட்டிக்கு ஊற்றியிருப்பார்கள். வீட்டுப் பெண்கள் வாயால் சொன்னதைத்தான் எழுதிக்கொண்டு வருவார். உள்ளதைச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அவர்கள் குறைத்துச் சொல்வது அவருக்கும் தெரியும். எல்லாரும் ஒரே மாதிரிதான் குறைப்பார்கள், காளைகளின் வரிசை மாறாது என்பார்.

வரிசையில் மேலே வந்த காளைகளின் வம்சம்தான் இன்று இந்தப் பக்கம் பாதித் தொழுவங்களில் நிற்கிறது. கடைசியில் வந்தது, நெற்றியில் வெள்ளைச் சுட்டி வைத்த ஒரு செவலைக் காளை. அதைக் கழித்துவிடும்படி அவரே கையெழுத்துப் போட்டார். அது அடிமாடாகப் போயிற்று. சேமித்து வைத்திருந்த விந்தையும் கொட்டிவிட்டார்கள்.

விழாவில் மங்கலம்பேட்டைப் பக்கத்து அம்மாள் ஒருவரை மேடையேற்றினார்கள். அந்த ஆராய்ச்சிக்காகத் தன் மாட்டுக்குச் சினை ஊசி போடவிட்டவர்.

"நீங்க போட்ட ஊசிக்கு, நெத்தியில சுட்டி வச்ச கன்னு பொறந்துச்சு சார். அது கறந்த கறவைய இன்னிவரைக்கும் நான் எங்கயும் பாக்கல. கண்ணு பட்டுடும்னு உங்ககிட்ட பாதிதான் சொன்னேன். இப்பதான் மாடே இல்லியே, சொன்னா என்ன?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். அவர் மைக்கை வாங்கி, எல்லா மாட்டுக்கும் பாதிதான் சொன்னீர்களா என்று கேட்டார்.

"மத்ததெல்லாம் சுமாருங்க. அதுக்கு எதுக்கு மறைக்கிறது? எங்க தெருவுல சுட்டி மாடு வச்சிருந்தவங்கதான் அப்புடிச் சொன்னோம். அவ்ளோ ஜாஸ்தி கறந்துச்சு."

கைதட்டினார்கள். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. சால்வை போட்டார்கள், மாலை போட்டார்கள். ஏற்புரையில் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லி உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு தன்னடக்கம் பாருங்கள் என்று விழாத் தலைவர் ஆரம்பித்தார். எழுந்துபோய் அந்த மனிதர் வாயைப் பொத்தலாமா என்றிருந்தது எனக்கு.

திரும்பும்போது கார் கடலூர் சிப்காட்டைத் தாண்டியது. அப்போதுதான் சொன்னார்: "நல்ல மாட்டத்தான் மறைச்சிருக்காங்க. மறைக்க ஒண்ணுமில்லாததையெல்லாம் நான் பொறுக்கி வச்சிருக்கேன்."

ஒரு காளைதானே, விடுங்கள் என்றேன்.

"ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. தெரியாம அனுப்புனது எத்தனையோ?"

இப்படி உழைத்த மனிதனை நான் பார்த்ததில்லை. அத்தனையும் வீண் என்று அவர் நினைக்கும்போது, இல்லை என்று சொல்லும் படிப்பு எனக்கு இல்லை.

மறுநாள் காலை பால்காரம்மா வந்ததும் அவரே வாசலுக்குப் போனார். உன் மாடு எவ்வளவு கறக்கிறது என்று கேட்டார். அவள் முந்தானையை இழுத்துப் பால் கேனை மூடினாள். "ஏதோ கறக்குதுங்க சார்." எத்தனையோ வருஷமாக எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள். அவர் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நான் கொடுத்த காபி ஆடை படிந்து ஆறிப்போனது.

"சார் நல்லாருக்காங்களாம்மா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"ஏதோ இருக்காரு" என்றேன். யார் கேட்டாலும், அவருக்குக் கண் பட்டுவிடக் கூடாதென்று நான் சொல்லும் பதில்தான். அன்றைக்கு அதில் மறைக்க எதுவும் இல்லை.